ஹகோதாதே போன ஊதுபத்தி

ஜப்பானின் மொரியோகா நகரில் குழாய் இணைப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் கருப்பு டை கட்டிக்கொண்டு எழுந்து நிற்கிற ஆள் ஹிரகுரா தமோட்சுதான். பொதுப் பிரிவில் இருபத்தொன்பது வருட சர்வீஸ். மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் அந்த டை எப்போதும் சுருட்டித் தயாராக இருக்கும். இரங்கல் தந்தி அனுப்புவது, மலர் வளையத்துக்குச் சொல்வது, இழவு வீட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை எழுதுவது, எல்லாம் அவர் பொறுப்பு. ஊழியர்களின் பெற்றோர், மாமனார் மாமியார், தாத்தா பாட்டி என்று இறந்தவர்கள் அத்தனை பேரும் தேதிவாரியாக அவருடைய கோப்பில் பத்திரமாக இருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றிக் கம்பெனிக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

இந்தத் துறையில் விதிகள் எதுவும் இல்லாமல் ஆளாளுக்கு ஒரு மாதிரி துக்கப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல், பதினோரு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகத்தை அவரே எழுதி, மேலிடத்து முத்திரையும் வாங்கியிருந்தார். அதில் ஏழாவது விதி இது: ஊழியரின் பெற்றோருக்கோ துணையின் பெற்றோருக்கோ பதிமூன்றாம் ஆண்டு வரை வருகிற திதிகளுக்கு, பிரிவினர் சார்பில் நல்ல ஊதுபத்திப் பெட்டி ஒன்று இரண்டு கையாலும் வழங்கப்பட வேண்டும். இரண்டு கையாலும் என்பதை அவர் அடிக்கோடிட்டிருந்தார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அதே பிரிவில் தோகாஷி என்றொருவர், பாட்டி இறந்துவிட்டாள் என்று மூன்று நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, மூக்கு தக்காளி மாதிரி சிவந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. ஹிரகுரா கோப்பை எடுத்தார். அந்தப் பாட்டி ஏற்கெனவே நான்கு வருடத்துக்கு முன்பே முறைப்படி இறந்து, மலர் வளையமும் பெற்றிருந்தாள். தோகாஷி கடற்கரைக்குப் போனதை ஒப்புக்கொண்டு, தலையைக் குனிந்து விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். "இறந்தவங்களை வெச்சு விளையாடக் கூடாது, தோகாஷி-சான்" என்று அன்றைக்கு ஹிரகுரா சொன்ன வார்த்தையைப் பிரிவில் இன்றும் யாரும் மறக்கவில்லை.

இப்பேர்ப்பட்டவர் சுற்றுலாவுக்கு லீவு கேட்க வேண்டிய நிலைமை வந்தது.

அவருடைய மனைவி கினுயோ அதிகம் கேட்கிறவள் இல்லை. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் கல்யாணமான கையோடு இருவரும் கடல் தாண்டி வடக்கே இருக்கும் துறைமுக ஊரான ஹகோதாதேக்குப் போனார்கள். நான்கு நாள் திட்டம். இரண்டாம் நாள் மாலை நிர்வாக இயக்குநரின் தாயார் காலமாகிவிட்டதாக விடுதிக்குத் தகவல் வந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆனால் வாசலில் மேஜை போட்டுப் பெயர் எழுத வேறு யாருக்குத் தெரியும் என்ற கவலை அவரைச் சாப்பிட விடவில்லை. மறுநாள் காலை முதல் ரயிலில் கிளம்பிவிட்டார். புது மனைவியைத் தனியாக விட முடியாது என்று கூடவே கூட்டிக்கொண்டு வந்து, இழவு வீட்டில் தேநீர் ஊற்ற வைத்தார். மூன்றாம் நாள் போவதாக இருந்த துறைமுகப் படகுச் சவாரி அப்படியே நின்றுபோயிற்று.

கினுயோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த ஏப்ரலில், பாத்திரம் கழுவிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"நமக்கு ஹகோதாதேல இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்குங்க."

அவர் ஜூன் மாதம் போகலாம் என்றார். சொல்லிவிட்டு, லீவு விண்ணப்பத்தை மேஜையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். 'காரணம்' என்று மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. சுற்றுலா என்று எழுதலாம். சட்டம் தடுக்கவில்லை, யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இருபத்தொன்பது வருடத்தில், கல்யாணமும் சாவும் தவிர, அந்தக் கட்டத்தில் அவர் 'காய்ச்சல்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார், அதுவும் முப்பத்தொன்பது டிகிரிக்கு மேல் இருந்தால்தான். 'சொந்தக் காரணம்' என்று எழுதலாம்தான். ஆனால் அப்படி எழுதிக் கொடுத்தவர்களையெல்லாம் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து அனுப்பியவர் அவர். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ளும் தெம்பு அவருக்கு இல்லை.

அப்போதுதான் மாமனார் கிஹேய் நினைவுக்கு வந்தார். ஹச்சினோஹேயில் கணவாய் மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இறந்த வருடத்தையும் சேர்த்து எண்ணுகிற வழக்கப்படி இது பதிமூன்றாம் ஆண்டு. திதி நவம்பரில். திதியைப் பின்னால் தள்ளக் கூடாது, முன்னால் நடத்தலாம் என்பது ஊரறிந்த வழக்கம். விதிப் புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தில் அவரே அதை எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் இது பொய்யே இல்லை, ஐந்து மாதம் முன்கூட்டிய உண்மை. கட்டத்தில் 'மாமனாரின் பதிமூன்றாம் ஆண்டுத் திதி' என்று எழுதினார். கையெழுத்து என்னவோ கோணலாக விழுந்தது.

ஏழாவது விதியை அவர் மறந்தே போயிருந்தார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை பிரிவே எழுந்து நின்றது. பிரிவுத் தலைவர் ஒகிட்சு இரண்டு வார்த்தை பேசினார். எல்லாருடைய துக்கத்திலும் முன்னால் நின்றவருக்கு நாம் செய்கிற சிறு மரியாதை என்றார். ஊதா நிறத் துணியில் சுற்றிய பெட்டியை எடுத்து வந்து நீட்டியவர் தோகாஷி. இரண்டு கையாலும் நீட்டினார். "மாமனார் நல்ல மனுஷர்னு கேள்விப்பட்டேன்" என்றார். 

அந்தப் பெட்டியை என்ன செய்வது? அலுவலகத்தில் விட்டுவைத்தால் அவமரியாதை. வீட்டில் வைத்தால், பூஜை மாடத்தைத் தினமும் துடைக்கிற கினுயோவின் கண்ணுக்கு ஒரு மணி நேரம் தப்பாது. கடைசியில் உள்பனியனில் சுற்றி, சட்டைகளுக்கு அடியில் வைத்து, பயணப் பெட்டியிலேயே எடுத்துக்கொண்டார். இப்படியாக, இருபத்தேழு வருடம் கழித்துத் தொடர்ந்த தேனிலவில் இருநூறு ஊதுபத்திகளும் கலந்துகொண்டன.

கடலுக்கு அடியில் சுரங்கத்தில் ரயில் போகும்போது கினுயோ மோந்து பார்த்தாள். "என்னங்க, நீங்க கோயில் மாதிரி மணக்குறீங்க" என்றாள். புது சோப்பு என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலில் சுரங்கத்தின் இருட்டைத் தவிர வேறெதுவும் இல்லை, ஆனாலும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் கினுயோவுக்கு அவசரமே இல்லை. டிராமில் ஏறி கடைசி நிறுத்தம் வரை போய், அதே டிராமில் திரும்பி வந்தாள். சரிவுத் தெருவில் பாதி ஏறி, திரும்பி நின்று, கீழே தெரியும் கடலைப் பார்த்தாள்; பிறகு மீதிப் பாதி ஏறி மறுபடியும் பார்த்தாள். செங்கல் கிடங்குகளின் நிழலில் ஐஸ்கிரீம் வாங்கி, உருகி மணிக்கட்டு வரை வழியும்வரை மெதுவாகச் சாப்பிட்டாள். ஒரு கடையில் அவருக்கென்று வைக்கோல் தொப்பி ஒன்று வாங்கினாள். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். திதிக்குப் போனவன் தலையில் வைக்கோல் தொப்பி எப்படி இருக்கும்? புகைப்படத்துக்கும் நிற்கவில்லை, புகைப்படம் என்றால் அது ஆதாரம். கினுயோ எடுத்த படங்களில் துறைமுகம் இருந்தது, கடற்பறவைகள் இருந்தன, ஓரத்தில் விலகி ஓடிக்கொண்டிருக்கிற ஒரு முழங்கை இருந்தது.

எதிரில் யாராவது சாம்பல் நிற சூட்டில் வந்தால், கம்பெனி ஆளாக இருக்குமோ என்று கடைக்குள் நுழைந்துவிடுவார். அப்படி நுழைந்த கடைகளில் ஒன்று இனிப்புக் கடை. அங்கேதான் அவருக்கு உண்மையான சித்திரவதை. எந்த ஊருக்குப் போனாலும், பக்கத்து ஊர் பல் மருத்துவரிடம் போனாலும்கூட, பிரிவுக்கு இனிப்புப் பெட்டி இல்லாமல் அவர் திரும்பியதில்லை. இப்போது வாங்கினால், பெட்டியிலேயே ஹகோதாதே என்று போட்டிருக்கும். வாங்காவிட்டால், மனிதனா நீ என்று உள்ளுக்குள் ஒரு குரல். வெண்ணெய் பிஸ்கட்டுகளின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். கடைக்காரப் பெண் மாதிரிக்கு ஒன்று கொடுத்தாள். அதைத் தின்றதும் குற்றம் இன்னும் கூடியது.

இரண்டாம் நாள் காலை மீன் சந்தைக்குப் போனார்கள். தொட்டியில் நீந்தும் கணவாயை நாமே தூண்டில் போட்டுப் பிடித்தால், அங்கேயே அறுத்துத் தருவார்கள். கினுயோ கணவாய்க்காரர் மகள். போட்ட மறுநொடி ஒன்றைத் தூக்கினாள். அவர் முறை வந்தது. தூண்டிலைப் போட்டுக் குனிந்திருந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒகிட்சு.

திதி நேரத்தில் தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று ஒகிட்சு நாலு முறை சொன்னார். விற்பனைப் பிரிவில் ஒருவருடைய தாயார் தவறிவிட்டார், மலர் வளையக் கடையின் எண்ணை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹிரகுரா எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். பின்னால் கடைக்காரர் "வாங்க வாங்க, துள்ளத் துள்ளக் கணவாய்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சொந்தக்காரங்க நிறைய பேர் வந்திருக்காங்க போல" என்றார் ஒகிட்சு.

"ஆமாங்க. மீன்பிடிக்கிற குடும்பம். கொஞ்சம் சத்தமா பேசுவாங்க."

"பிக்கு வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. மாமனாருக்கு இப்பதான் ஓத ஆரம்பிச்சிருக்காரு."

அந்த நேரம் பார்த்துத் தூண்டிலில் மாட்டிய கணவாய் தண்ணீருக்கு மேலே வந்து, அவர் முகத்தில் நேராகப் பீய்ச்சி அடித்தது. அவர் தொண்டையிலிருந்து விசித்திரமான ஒரு சத்தம் வந்தது.

மறுமுனையில் ஒகிட்சுவின் குரல் தழுதழுத்தது. "அடக்காதீங்க ஹிரகுரா-சான். அழுதுடுங்க. மத்தவங்களுக்காக எவ்வளவு காலமா அடக்கி வெச்சிருந்தீங்களோ."

போனை வைத்துவிட்டு அவர் திரும்பினார். முகத்திலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கினுயோ ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள். அவள் கேட்டுவிட்டாள்.

 அறுத்த கணவாய் தட்டில் வந்தது. இன்னும் கால்கள் நெளிந்துகொண்டிருந்தன. கினுயோ உட்கார்ந்து, இஞ்சி தொட்டு, ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு முடித்தாள். அவர் திருதிருவென்று விழித்தபடி எதிரில் உட்கார்ந்து, விண்ணப்பம், கட்டம், ஐந்து மாதம், ஏழாவது விதி என்று ஒவ்வொன்றாகக் கக்கினார்.

"அப்போ ஊதுபத்தி பெட்டியில இருக்கா?"

"இருக்கு."

"சோப்புன்னீங்க."

அவர் தலை குனிந்தார்.

"நவம்பர்ல என்ன பண்ணுவீங்க?" என்றாள். "அப்பாவுக்குப் பதிமூணாம் வருஷம் ஒரு தடவைதான் வரும். அதை நீங்க செலவழிச்சிட்டீங்களே."

அதை அவர் யோசித்திருக்கவே இல்லை. மாமனாரின் நிஜமான திதிக்குப் போக முடியாது; அதே காரணத்துக்கு மறுபடி லீவு கேட்டால் பொய் வெளியே வரும். போகாவிட்டால், ஒரே மகளின் கணவன், அவள் அப்பாவின் சமாதி முன்னால் இல்லை என்றாகும். எல்லார் வீட்டுச் சாவுக்கும் முன்னால் நின்றவர், சொந்த மாமனாரை மட்டும் இரண்டாவது தடவை கொன்று வைத்திருந்தார்.

கினுயோ கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முன்னால் நடத்தலாம் என்பதுதானே வழக்கம், நடத்திவிடலாம் என்றாள். மேலே சரிவில் கோயில் இருக்கிறது, பிக்குவைக் கேட்டு ஓத வைத்து, இந்த ஊதுபத்தியையே ஏற்றிவிட்டால் அவர் எழுதிக் கொடுத்தது மெய்யாகிவிடும், அவரும் நிம்மதியாகத் தூங்கலாம். நவம்பரில் தான் தனியாக ஹச்சினோஹே போய்க்கொள்வதாகவும் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. இழவு வீட்டில் தேநீர் ஊற்றச் சொன்னபோது "சரிங்க" என்று சொன்னாளே, அதே குரல். கைப்பையைத் திறந்து இரண்டு சீட்டுகளை எடுத்துப் பார்த்தாள். பதினொரு மணி துறைமுகப் படகுக்கு முதல் நாளே வாங்கி வைத்தவை. மடித்து மறுபடியும் பையின் அடியில் வைத்தாள். அவர் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

விடுதியில் பெட்டியைத் திறந்து, பனியனிலிருந்து ஊதாத் துணியை உருவி அவளே கையில் எடுத்துக்கொண்டாள். சரிவுத் தெருவில் முன்னால் ஏறினாள். முதல் நாள் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தவள், இன்று திரும்பவில்லை. ஹிரகுரா பத்தடி பின்னால் ஏறினார். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. லீவு செல்லுபடியாகும், ஊதுபத்தி செல்லுபடியாகும், கோப்பில் எழுத ஒரு கோயிலின் பெயரும் கிடைக்கும். இனிப்புகூட வாங்கலாம். இவ்வளவு சுத்தமான ஏற்பாட்டை அவரே செய்திருக்க முடியாது.

கீழே துறைமுகத்தில் படகு ஊதியது.

ஹிரகுரா நின்றார். முதல் தடவை யாரோ ஒருவர் நிஜமாகவே செத்துப்போயிருந்தார். இந்தத் தடவை அந்தச் சாக்குகூட இல்லை. மேலே ஏறிக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தார். இருபத்தேழு வருடத்தில் கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு கட்டத்தை நிரப்பத் தைரியம் இல்லாததற்கு அவளுடைய இரண்டாவது படகும் போகப் போகிறது. கை தானாகப் போனை எடுத்தது.

"பிரிவுத் தலைவரே, ஹிரகுரா பேசறேன். நான் திதியில இல்லைங்க. ஹகோதாதேல இருக்கேன். பெண்டாட்டியோட சுத்திப் பாக்க வந்தேன். விண்ணப்பத்துல பொய் எழுதிட்டேன்."

 மறுமுனையில் பேனா மூடியைத் திறந்து மூடுகிற சத்தம் இரண்டு முறை கேட்டது. ஒகிட்சு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது. இந்த உண்மையைக் காதில் வாங்கினால் மூன்று கடிதம் எழுத வேண்டும், ஒரு கூட்டம் போட வேண்டும், முக்கியமாக, இனிமேல் சாவுகளை யார் பார்த்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டும்.

"ஹிரகுரா-சான், அங்க காத்து ஜாஸ்தி போல. ஒண்ணும் சரியா கேக்கல. திதி நல்லபடியா நடக்குதுங்கறீங்க, அதானே?"

"இல்லைங்க, நான் சொல்றது..."

"ரொம்ப நல்லது. வீட்ல அவங்களுக்கு என் மரியாதையைச் சொல்லுங்க. மெதுவா வாங்க."

போன் அணைந்தது. கினுயோ மேலேயிருந்து இறங்கி வந்து நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"கேக்கலையாம்."

கினுயோ ஊதாப் பெட்டியை மார்போடு அணைத்தபடி, தெருவென்றும் பார்க்காமல் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிப் படகு தவறிவிட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம். துறைமுகத்து பெஞ்சில் வெயிலில் உட்கார்ந்து காத்திருந்து, அதே சீட்டைக் காட்டிக் கெஞ்சி ஏறினார்கள். படகில் அவள் மேல்தட்டில் ஓரமாக நின்று, வளைகுடாவை வாய் திறந்து பார்த்தாள். தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவர் மறுத்துவிட்டார். குற்றம் செய்தவனுக்கு நிழல் எதற்கு? மடியில் தொப்பியும் தொப்பிக்குள் ஊதுபத்தியுமாக, உச்சி வெயிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் கண்ணாடியில் பார்த்தபோதுதான் மூக்கு சிவந்திருப்பது தெரிந்தது.

திங்கட்கிழமை பதினான்கு மேஜையிலும் ஹகோதாதே வெண்ணெய் பிஸ்கட்டை வைத்தார். யாராவது கேட்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். ஹச்சினோஹேயில் நடந்த திதிக்கு ஹகோதாதே பிஸ்கட் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ருசியாக இருக்கிறது என்றார்கள். ஒகிட்சு இரண்டாவதும் எடுத்துக்கொண்டார். தோகாஷி மட்டும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தோல் உரியும் அந்த மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் சாப்பிட்டார்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு ஹிரகுரா ஒரு விளக்கக் கடிதம் எழுதினார். யாரும் கேட்காத கடிதம். தேதி போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் தோகாஷியின் கடிதத்துக்கு அடியில் கோத்து வைத்தார். அந்தக் கோப்பை அவரைத் தவிர யாரும் திறப்பதில்லை. வாரம் ஒரு முறை அவரே திறந்து படித்தார்.

ஊதுபத்தியைக் கினுயோ வீட்டில் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். காலையில் ஒன்று, விசேஷ நாளில் இரண்டு. "பிரிவுல இருந்து குடுத்ததுப்பா" என்று சொல்லித்தான் ஏற்றுவாள். ஹிரகுரா அந்தப் புகையில்தான் தினமும் டை கட்டினார். கிஹேய் படத்தில் கணவாய் பிடிக்கிறவர்களுக்கே உரிய இடுங்கிய கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பர் பிறந்தபோது பெட்டியில் நாற்பது, நாற்பத்தைந்து குச்சிதான் மிச்சம்.

அவர் புது விண்ணப்பத்தை எடுத்தார். கட்டத்தில், நேரான கையெழுத்தில், 'மாமனாரின் பதிமூன்றாம் ஆண்டுத் திதி (உண்மையானது)' என்று எழுதி ஒகிட்சுவிடம் கொண்டுபோய் வைத்தார். இந்தத் தடவை கேட்டே ஆக வேண்டும். ஒரு மனிதருக்கு ஒரே வருடத்தில் இரண்டு பதிமூன்றாம் ஆண்டு. ஒகிட்சு கண்ணாடியைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்து நிதானமாகப் படித்தார். முத்திரையை மையில் ஒற்றி, சரியாகக் கட்டத்தின் நடுவில் வைத்து அழுத்தினார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை பிரிவே எழுந்து நின்றது. விதி விதிதான். தோகாஷி ஊதா நிறத் துணியில் சுற்றிய பெட்டியை எடுத்து வந்தார். முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. இரண்டு கையாலும் நீட்டினார். ஹிரகுரா இரண்டு கையாலும் வாங்கினார். தலை குனிந்தவர், நிமிர நேரமாயிற்று.

"தொப்பி எடுத்துட்டுப் போங்க, ஹிரகுரா-சான்" என்றார் தோகாஷி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நவம்பர்லயும் வெயில் அடிக்கும்."